வைஃபை வேற, நெட் வேற: ஆன்லைன் கடையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், டிக்கெட் புக்கிங்னு ஒரு சின்ன கடை வச்சிருக்கேன். வர்றவங்க கேக்குற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டு தனித்தனி விஷயத்த ஒன்னுனு நெனச்சுக்கிட்டு குழம்பி நிப்பாங்க, அது ரெண்டையும் பிரிச்சு சொன்னா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிரும். அதனால எல்லாத்தையும் இங்க ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேரா போயிருங்க.

வைஃபை ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் வரலியே, ஏன்?

வைஃபைங்கறது உங்க போனுக்கும் வீட்டுல மாட்டியிருக்கற அந்த ரூட்டர் டப்பாவுக்கும் நடுவுல இருக்கற ரேடியோ தொடர்பு மட்டும்தான். டப்பாவுக்கு வெளியில இருந்து லைன் வந்தாதான் நெட். போன்ல கோடு ஃபுல்லா இருக்குன்னா டப்பா பக்கத்துல இருக்குனு அர்த்தம், அவ்ளோதான், லைன் வருதா இல்லையானு அந்தக் கோடு சொல்லாது.

ஃபைபர் கனெக்ஷன்னா டப்பாவுல எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும், அது செவப்பா எரிஞ்சா வெளியில எங்கயோ ஃபைபர் அறுந்திருக்கு இல்லனா மடங்கியிருக்கு, நீங்க போனை எத்தனை தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் வராது, கம்பெனிக்குதான் சொல்லணும். செவப்பு லைட் இல்ல, பக்கத்து ரூம்ல நல்லா வருது, இங்க மட்டும் இழுக்குதுன்னா அது வைஃபை பிரச்சனை. இப்ப வர்ற ரூட்டர்ல பேரு ரெண்டா காட்டும் பாருங்க, ஒன்னு 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்னு 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகம் ஜாஸ்தி ஆனா சுவர் தாண்டறதுக்கு கஷ்டப்படும், 2.4 வேகம் கம்மி ஆனா தூரம் போகும். மாடியில உக்காந்து 5-ல கனெக்ட் பண்ணிட்டு கம்பெனிக்காரன திட்டுறதுல பிரயோஜனம் இல்லங்க.

அப்ப இந்த இன்டர்நெட் எங்கதான் இருக்கு, சேட்டிலைட்லயா?

நெறைய பேரு இப்படித்தான் நெனைக்கிறாங்க. சேட்டிலைட் நெட் இருக்கறது உண்மைதான், ஆனா நாடு விட்டு நாடு போற டேட்டால கிட்டத்தட்ட எல்லாமே கடலுக்கு அடியில போட்டிருக்கற கேபிள்லதான் போகுது. கண்ணாடி இழை உள்ள இருக்கும், அதுல வெளிச்சமா டேட்டா ஓடும். நம்ம சென்னையும் மும்பையும் இந்தியாவுல இந்த கேபிள் கரையேறுற முக்கியமான ஊருங்க, சென்னையில இருந்து சிங்கப்பூருக்கு நேரா கேபிள் இருக்கு. அந்தமானுக்கு ரொம்ப வருஷம் சேட்டிலைட்ட நம்பிதான் நெட் ஓடுச்சு, 2020 ஆகஸ்ட்ல சென்னையில இருந்து போர்ட் பிளேருக்கும் மத்த சில தீவுகளுக்கும் சேத்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடல் கேபிள் திறந்த பிறகுதான் அங்க வேகம்னா என்னனு தெரிஞ்சுது.

இன்டர்நெட்டுக்குனு ஒரு தலைமை ஆபீஸ் கெடையாது. உலகத்துல இருக்கற லட்சக்கணக்கான நெட்வொர்க் ஒன்னோட ஒன்னு பேசிக்க ஒத்துக்கிட்ட ஏற்பாடு அது. இதுக்கு முன்னோடியா அமெரிக்காவுல ஆர்பாநெட்னு ஒன்னு இருந்துச்சு, அதுல மொத மெசேஜ் போனது 1969 அக்டோபர் 29. லாகின்னு அடிக்க ஆரம்பிச்சு எல், ஓ ரெண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்கம் இருந்த மெஷின் படுத்திருச்சு. ரிசல்ட் வர்ற அன்னிக்கு சர்வர் டவுன்னு வந்தா கோவப்படாதீங்க, பரம்பரை வியாதி. இந்தியாவுல பொதுமக்களுக்கு அப்ப அரசாங்க கம்பெனியா இருந்த விஎஸ்என்எல் மூலமா நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15.

வெப்சைட், இன்டர்நெட் ரெண்டும் ஒன்னுதானே?

இல்லங்க. இன்டர்நெட்டு பாதை, வெப் அதுல ஓடுற பல சர்வீஸ்ல ஒன்னு. ஈமெயில் இன்னொன்னு, வாட்ஸ்அப் கால் இன்னொன்னு. அட் குறி போட்ட மொத ஈமெயில ரே டாம்லின்சன் அனுப்புனது 1971-ல. வெப்புங்கறத டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்து செர்ன் ஆய்வுக்கூடத்துல 1989-ல யோசனையா எழுதிக் குடுத்து, 1991-லதான் வெளி ஆளுங்க பார்வைக்கே வந்துச்சு. அதாவது வெப்புக்கு ஈமெயில் 20 வருஷம் மூத்தது. வாட்ஸ்அப் ஓடுது ஆனா ஒரு குறிப்பிட்ட சைட் மட்டும் ஓபன் ஆகலன்னா பெரும்பாலும் உங்க நெட்டுல கொற இல்ல, அந்த சைட்டோட சர்வர்லதான் ஏதோ ஆகியிருக்கும்.

கூகுள் இல்லாம நெட் பாக்க முடியுமா?

தாராளமா. இதுல மூணு சாமான் கலந்து கெடக்கு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இதெல்லாம் ப்ரவுசர், அதாவது பக்கத்த எடுத்துட்டு வந்து காட்டுற சாஃப்ட்வேர். கூகுள், பிங் இதெல்லாம் சர்ச் எஞ்சின், எந்தப் பக்கம் எங்க இருக்குனு தேடித் தர்ற சைட். மூணாவது அந்தப் பக்கத்தோட அட்ரஸ். அட்ரஸ் தெரிஞ்சா மேல இருக்கற அட்ரஸ் பாருல நேரா அடிச்சுப் போயிரலாம், கூகுள்கிட்ட கேக்கவே தேவையில்ல. குரோமும் கூகுள் கம்பெனியோடதுதான், தொறந்ததும் நடுவுல கூகுள் பொட்டி வந்து நிக்கும், அதனாலதான் எல்லாருக்கும் ரெண்டும் ஒன்னாத் தெரியுது.

இத ஏன் இவ்ளோ இழுத்து சொல்றேன்னா காசு போற எடம் இது. பேங்க் பேரயோ கஸ்டமர் கேர் நம்பரயோ கூகுள்ல அடிச்சு மொதல்ல வர்றத தட்டுறாங்க. மொதல்ல வர்றது பல நேரம் விளம்பரம், ஸ்பான்சர்ட்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், யாரு வேணா காசு கட்டி அங்க வரலாம். போலி கஸ்டமர் கேர் நம்பர் போட்டு வச்சுக்கிட்டு, நீங்க கூப்பிட்டதும் ரொம்ப மரியாதையா சார், மேடம்னு பேசி உங்க ஸ்க்ரீன அவனுக்கு காட்டுற ஸ்க்ரீன் ஷேர் ஆப் ஒன்ன இறக்க சொல்லுவான். பேங்க் நம்பர் வேணும்னா ஏடிஎம் கார்டுக்கு பின்னாடி இருக்கு, பாஸ்புக்குல இருக்கு, அதப் பாத்து அடிங்க.

சரி, ஒரு அட்ரஸ் நெசமானு எப்படி கண்டுபிடிக்கறது?

இத ஒன்ன கத்துக்கிட்டா போதும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்லனு சொல்லுவேன். தபால்காரர் கடைசி வரியில இருக்கற பின்கோடையும் ஊரையும்தான் மொதல்ல பாப்பாரு, பேரு கடைசிலதான், வெப் அட்ரஸையும் அதே மாதிரி பின்னாடி இருந்து படிக்கணும். எச்டிடிபிஎஸ், ரெண்டு சாய்கோடு, அது முடிஞ்சதும் வர்ற மொத ஒத்த சாய்கோட கண்டுபிடிங்க. அதுக்கு இடது பக்கம் ஒட்டி இருக்கற கடைசி ரெண்டு துண்டு, கவ் டாட் இன், கோ டாட் இன், பேங்க் டாட் இன் மாதிரி முடிஞ்சா மூணு துண்டு, அதுதான் உண்மையான ஓனரு. அதுக்கும் முன்னாடி இருக்கறத ஓனர் இஷ்டத்துக்கு எழுதிக்கலாம்.

உதாரணத்துக்கு, உங்க-பேங்க் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் காம்னு ஒரு லிங்க் வருதுனு வைங்க. கண்ணு மொதல்ல உங்க-பேங்க்ங்கறதத்தான் பாக்கும், அதுக்காகவேதான் அப்படி வச்சிருக்கான். பின்னாடி இருந்து படிச்சா காம், அதுக்கு முன்னாடி கேஒய்சி-அப்டேட். ஆக ஓனரு கேஒய்சி-அப்டேட் டாட் காம்னு எவனோ ஒருத்தன், உங்க பேங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சாய்கோட்டுக்கு அப்புறம் பேங்க் பேரு வந்தாலும் இதே கததான்.

அரசாங்க சைட்டு கவ் டாட் இன், என்ஐசி டாட் இன்னு முடியும், அத வெளியாளு காசு குடுத்து வாங்க முடியாது. பேங்குகளும் பேங்க் டாட் இன்ங்கற முடிவுக்கு 2025 அக்டோபர் 31-க்குள்ள மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு, அந்தப் பேரையும் பேங்குக்கு மட்டும்தான் தருவாங்க. ரொம்ப நல்ல காரியம், பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

பூட்டு படம் இருந்தா சேஃப்தானே?

பூட்டு சொல்றது ஒரே ஒரு விஷயம், உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல போறத வேற எவனும் படிக்க முடியாதுங்கறது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் நல்லவனா திருடனானு அது சொல்லாது. பூட்டுக்கான சர்ட்டிஃபிகேட் இப்ப இலவசமாவே கெடைக்குது, திருட்டு சைட்டுக்காரனும் வாங்கி மாட்டிக்கறான். ஜனங்க இத தப்பா புரிஞ்சுக்கிறாங்கனுதான் குரோம்ல 2023-ல பூட்டு படத்தையே தூக்கிட்டு வேற குறி வச்சிட்டாங்க. ஆனா நாட் செக்யூர்னு காட்டுற சைட்டுல பாஸ்வேர்ட் மட்டும் அடிச்சிராதீங்க.

அப்ளிகேஷன்ல போட்டோ 50 கேபிக்குள்ள கேக்குது, என் போட்டோ 4 எம்பிங்குது, என்ன பண்றது?

கடையில நம்பர் ஒன் கேள்வி இது. கேபி, எம்பி, ஜிபி, டிபி எல்லாம் ஃபைலோட கனம், ஒவ்வொன்னும் முன்னதவிட சுமார் ஆயிரம் மடங்கு. 4 எம்பின்னா கிட்டத்தட்ட 4,000 கேபி, அத 50-க்குள்ள அடக்கணும்.

போன் கேமராவுல 12 மெகாபிக்சல்னா படம் 4000-க்கு 3000 புள்ளி. அப்ளிகேஷன்ல உங்க மொகம் தெரியறதுக்கு அவ்ளோ புள்ளி எதுக்கு? அதனால மொதல்ல மொகத்த மட்டும் வெட்டுங்க, அப்புறம் புள்ளி எண்ணிக்கைய கொறைங்க, கடைசியா ஜேபெக்னு சொல்ற போட்டோ ஃபைலா தரத்த கொறச்சு சேவ் பண்ணுங்க. இந்த வரிசையில பண்ணா மொகம் தெளிவா இருக்கும். நெறைய பேரு நேரா தரத்த கொறச்சு கட்டம் கட்டமா ஒரு மூஞ்சிய அப்லோட் பண்ணிட்டு, அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆகி வந்து நிக்கிறாங்க. இன்னொன்னு, கொறச்ச படத்த திரும்ப பெருசு பண்ணா தெளிவு வராது, போனது போனதுதான், ஒரிஜினல் போட்டோவ அழிக்காம வச்சுக்கங்க. எங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்போதும் டாக்குமென்ட்னு இருக்கறதுல போட்டு அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா வாட்ஸ்அப்பே தரத்த கொறச்சிரும்.

சிலது 20 கேபிக்கு கீழயும் போகக்கூடாதுனு சொல்லும், அந்த வரியையும் படிச்சிட்டு வாங்க.

1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுது, ஏமாத்திட்டாங்களா?

இல்ல. டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024, 1024-ஆ எண்ணுது. அளவு அதேதான். 500 ஜிபி வாங்கினா 465-னு காட்டும், கடைக்காரரோட சண்டைக்கு போகாதீங்க.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், டவுன்லோட் பண்ணா 12-னு காட்டுது?

இதுவும் ஏமாத்து இல்ல, ஆனா கொஞ்சம் சாமர்த்தியம். பிளான்ல சொல்றது மெகாபிட், டவுன்லோட்ல காட்டுறது மெகாபைட். 8 பிட் சேந்தா 1 பைட். 100-ஐ 8-ஆல வகுத்தா 12.5, ஆக உங்களுக்கு சரியாத்தான் வருது. அந்த வேகத்துல 1 ஜிபி படம் 80 செகண்ட்ல இறங்கிரும். 12.5 மெகாபைட்னு போஸ்டர் அடிச்சா யாரு வாங்குவா, அதான் பெரிய நம்பரா போடுறாங்க.

ராம், ஸ்டோரேஜ் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? போட்டோவெல்லாம் அழிச்சிட்டேன், போன் இன்னும் ஸ்லோதான்.

8 ஜிபி, 128 ஜிபினு பாக்ஸ்ல போட்டிருப்பான். மொதல்ல இருக்கறது ராம், இப்ப ஓடிக்கிட்டு இருக்கற ஆப்பெல்லாம் தங்கற எடம், கரண்ட் போனா அதுல இருந்ததும் போயிரும். ரெண்டாவது ஸ்டோரேஜ், ஆஃப் பண்ணாலும் அழியாது, உங்க போட்டோ, பாட்டு, ஆப்பு எல்லாம் அங்கதான் இருக்கு. போட்டோவ அழிச்சா ஸ்டோரேஜ்ல எடம் கெடைக்கும், ராம் ஒரு பொட்டு கூட ஏறாது. ஸ்டோரேஜ் அடச்சுக்கிட்டு நின்னாலும் போன் திணறும்ங்கறதால அப்ப மட்டும் அழிச்சா பலன் தெரியும். ரெண்டையுமே மெமரினு ஒரே பேர்ல கூப்பிடறதாலதான் இந்த வம்பு.

ராம் கிளீனர், போன் பூஸ்டர்னு வர்ற ஆப் எதையும் போடாதீங்க, அந்த ஆப்பே ராமுல உக்காந்துக்கிட்டு விளம்பரம் காட்டும். பழைய லேப்டாப் ஆமையா போகுதுன்னா, உள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தா அத எடுத்துட்டு எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் போடுங்க. புது லேப்டாப் வாங்குற செலவுல சின்ன பங்குதான் ஆகும், மெஷின் வேற மாதிரி ஆயிரும்.

குக்கீயும் கேச்சியும் கிளியர் பண்ண சொல்றாங்க, என்னங்க அது?

கேச்சிங்கறது ஒரு சைட்டோட படம், டிசைன் எல்லாத்தையும் ப்ரவுசர் உங்க மெஷின்லயே ஒரு காப்பி வச்சுக்கறது, அடுத்த தடவ சீக்கிரம் தொறக்கும். அந்த காப்பி பழசாயிட்டா பக்கம் கோணலா வரும், பட்டன் வேலை செய்யாது, அப்பதான் கிளியர் பண்ண சொல்றது. குக்கீ வேற, உங்கள அடையாளம் வச்சுக்க சைட்டு உங்க ப்ரவுசர்ல போட்டு வைக்கிற குட்டிச் சீட்டு. நெட்ஸ்கேப் கம்பெனியில லூ மாண்டுல்லி 1994-ல கொண்டு வந்தது. லாகின் பண்ணிட்டு அடுத்த பக்கம் போனாலும் நீங்கதான்னு தெரியுதே, அது குக்கீயால. செருப்பு ஒன்ன ஒரு சைட்டுல பாத்துட்டு வந்தா நாலு நாள் போற எடமெல்லாம் அதே செருப்பு தொரத்துதே, அதுவும் பெரும்பாலும் குக்கீயாலதான். குக்கீய அழிச்சா எல்லா சைட்லயும் மறுபடி லாகின் கேக்கும், பாஸ்வேர்ட் தெரியுமானு பாத்துட்டு அழிங்க.

இன்காக்னிட்டோல பாத்தா யாருக்கும் தெரியாதுல்ல?

இன்காக்னிட்டோங்கறது ப்ரவுசர்ல தனியா தொறக்கற ஒரு விண்டோ, அதுல பாத்தா அந்த மெஷின்ல ஹிஸ்டரி தங்காது, அவ்ளோதான். நெட் குடுக்கற கம்பெனிக்கும், ஆபீஸ் நெட்வொர்க்கா இருந்தா ஆபீஸ்காரங்களுக்கும் நீங்க எந்த சைட்டுக்கு போறீங்கனு தெரியும். ஆனா எங்க கடை மாதிரி வெளி எடத்துல லாகின் பண்ணா இன்காக்னிட்டோலதான் பண்ணணும், இது கட்டாயம். முக்கியமா ஒன்னு: அதுல டவுன்லோட் பண்ண ஃபைல் அழியாது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே கெடக்கும். இ-ஆதார் இறக்கி பிரிண்ட் எடுத்துட்டு அப்படியே எந்திரிச்சு போறாங்க. அதுக்கு பாஸ்வேர்ட் இருக்கேன்னு கேப்பீங்க, பேரோட முதல் 4 எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்த பாஸ்வேர்ட், உங்கள தெரிஞ்ச எவனும் தொறந்திருவான். ஃபைல அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண சொல்லி நின்னு பாத்துட்டு போங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

கிளவுட்னா மேல எங்கயோ இருக்கா?

கீழதான், ஏதோ ஒரு கம்பெனியோட டேட்டா சென்டர்ல, ஏசி போட்ட கட்டிடத்துல. உங்க ஃபைல் அவங்க மெஷின்ல இருக்கு, நெட் வழியா எடுத்துக்கறீங்க. கூகுள் 15 ஜிபி சும்மா தருது, அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேத்து. போட்டோவால அது நெறஞ்சா ஜிமெயிலுக்கு மெயில் வர்றதும் நின்னுரும், இன்டர்வியூ லெட்டர் வரலனு வந்தவங்கள்ல சிலருக்கு காரணம் இதுதான்.

இதுல ஒரு மோசமான குழப்பம் இருக்கு, சிங்க் வேற, பேக்கப் வேற. சிங்க்னா ரெண்டு எடத்தையும் ஒரே மாதிரி வச்சுக்கறது, ஒரு பக்கம் அழிச்சா அடுத்த பக்கமும் போயிரும், பேக்கப்னா தனியா ஒரு காப்பி. பேக்கப்னு பேரு இருந்தாலும், கூகுள் போட்டோஸ் ஆப்ல பேக்கப் ஆன படத்த போன்ல எடம் வேணும்னு டெலீட் குடுத்தா கிளவுட்லயும் சேந்து அழியும், ட்ராஷ்ல 60 நாள் இருக்கும், அதுக்கப்புறம் சாமி வந்தாலும் எடுக்க முடியாது. போன்ல மட்டும் காலி பண்ண ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா ஒரு பட்டன் இருக்கு, அதத் தட்டுங்க. கல்யாண போட்டோ, கொழந்த போட்டோவ இன்னொரு ஹார்ட் டிஸ்க்லயும் போட்டு வைங்க.

வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிக்க ஏபிகே ஃபைலா வந்திருக்கு, தொறக்கலாமா?

தொறக்கவே கூடாது. ஏபிகேங்கறது ஆண்ட்ராய்டு ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல். பத்திரிக்க படமாவோ பிடிஎஃப்பாவோ வீடியோவாவோ வரும், ஆப்பா வராது. டிராஃபிக் ஃபைன், பேங்க் கேஒய்சினும் இதே மாதிரி அனுப்புறாங்க. இன்ஸ்டால் பண்ணி எஸ்எம்எஸ் பர்மிஷன் குடுத்துட்டா உங்களுக்கு வர்ற ஓடிபி அவனுக்கும் போகும். சொந்தக்காரர் நம்பர்ல இருந்தே வந்தாலும் அவரு போன் ஏற்கனவே இதுல மாட்டியிருக்கலாம், ஒரு போன் போட்டு கேட்டிருங்க. காசு போயிட்டா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ தூரம் பணத்த நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு.

பாஸ்வேர்ட், பின், ஓடிபி, மூணும் எதுக்கு?

பாஸ்வேர்டும் பின்னும் நீங்க வச்சது, ஓடிபி ஒரு தடவைக்கு மட்டும் அவங்க அனுப்பறது. யுபிஐ பின் பத்தி ஒன்னே ஒன்னு: காசு அனுப்பவும் பேலன்ஸ் பாக்கவும்தான் பின் அடிக்கணும், காசு வர்றதுக்கு பின் தேவையே இல்ல. பழைய கட்டில விக்கறேன்னு விளம்பரம் போட்டதும் ஒருத்தன் கூப்பிட்டு, கியூஆர் அனுப்பியிருக்கேன், பின்ன போடுங்க காசு வந்துரும்னு சொன்னா போன வச்சிருங்க.

தமிழ்ல டைப் பண்ண ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல கிறுக்கலா வருது?

பழைய பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சிருப்பாங்க. அதுல கம்ப்யூட்டர் சேமிச்சு வைக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் மட்டும் அத தமிழா வரைஞ்சு காட்டும். அம்மானு அடிச்சத அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தொறந்தா எம், கே, செமிகோலன், கே, எச்னு நிக்கும். யூனிகோட்ல ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் உண்டு, 1991-ல வந்த மொத பதிப்புலயே தமிழ் இருக்கு, அதுல அடிச்சா எந்த போன்லயும் தமிழாவே தெரியும், தேடினாலும் கெடைக்கும். பழைய ஃபைல தூக்கி எறிய வேணாம், யூனிகோடுக்கு மாத்திக் குடுக்கற கன்வர்ட்டர் நெட்ல இலவசமா இருக்கு. இப்ப புதுசா பாமினியில அடிச்சுக் குடுக்கறவங்க கிட்ட யூனிகோட்லயே கேட்டு வாங்குங்க. எஸ்எம்எஸ் மட்டும் தமிழ்ல அனுப்புனா 70 எழுத்துக்கு ஒரு மெசேஜ்னு கணக்கு, இங்கிலீஷ்ல 160, அதனால தமிழ்ல நீளமா அனுப்பினா ரெண்டு மூணு மெசேஜா எண்ணும்.

மெயில்ல சிசி, பிசிசி?

சிசில போட்டவங்க பேரு எல்லாருக்கும் தெரியும், பிசிசில போட்டா மத்தவங்களுக்குத் தெரியாது. அம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினா பிசிசில போடுங்க, எல்லாரோட ஐடியும் எல்லாருக்கும் போகாது.

விண்டோஸ் 10 இனிமே ஓடாதா?

ஓடும். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, அதாவது சும்மா கெடைச்சுக்கிட்டிருந்த பாதுகாப்பு அப்டேட் அதோட நின்னுருச்சு. அதுல பேங்க் வேலை பண்றவங்க மட்டும் மாறிக்கங்க, தட்டச்சு பழகற மெஷினுக்கு அவசரம் இல்ல.

தினமும் ஷட் டவுன் பண்றேன், அப்பவும் ரீஸ்டார்ட் பண்ண சொல்றீங்களே, ரெண்டும் ஒன்னுதானே?

விண்டோஸ் 8-ல இருந்து ஒன்னு இல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு வசதி இருக்கு, ஷட் டவுன் குடுத்தா விண்டோஸோட உள் பகுதிய அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சிட்டு, மறுநாள் ஆன் பண்ணும்போது அதையே எடுத்து வச்சுக்கும், சீக்கிரம் தொறக்கறதுக்காக. அதனால உள்ள ஏதாவது மாட்டிக்கிட்டு இருந்தா அதுவும் சேந்தே திரும்பி வரும். ரீஸ்டார்ட் குடுத்தாதான் எல்லாம் மொதல்ல இருந்து தொடங்கும். பிரிண்டர் எடுக்கல, சவுண்ட் வரலனு போன் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரீஸ்டார்ட் குடுத்துப் பாருங்க, அப்பவும் வரலன்னா மெஷின தூக்கிட்டு வாங்க, சார்ஜர் மறக்காம.